இருபதாவது நிமிடத்தில் விழும் உலாவி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிங்கப்பூரின் ஈசூனில் தனியாக வசிக்கும் உங்கள் அம்மா, இரவு உணவுக்குப் பிறகு மடிக்கணினியில் தமிழ்த் தொடர்கள் பார்க்கிறார். 2017இல் வாங்கிய கணினி; 4 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10, குரோம் உலாவி. படம் தொடங்கிப் பதினைந்து, இருபது நிமிடத்தில் வாடிய முகம் ஒன்றைக் காட்டும் சாம்பல்நிறப் பக்கம் வந்துவிடுகிறது. வாரத்தில் ஓரிரு முறை உலாவிச் சன்னலே மறைந்துபோகிறது. ஒருவர் இன்னும் வேகமான இணையத் திட்டத்துக்கு மாறச் சொன்னார், கடைக்காரர் புதுக் கணினி வாங்கச் சொன்னார். அம்மாவோ, தான் எதையோ தவறாக அழுத்திக் கெடுத்துவிட்டதாக நினைத்துக் கணினியைத் தொடவே தயங்குகிறார்.

அம்மாவின் கவலையைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், அவர் எதையும் தவறாக அழுத்தியதால் வந்த கோளாறு இது அல்ல. இன்றே தொலைபேசியில் கூப்பிட்டு அதைச் சொல்லிவிடுங்கள். பள்ளிக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். பெரியவர்கள் கணினியைக் கைவிடுவதற்குப் பழுதைவிடப் பழியே பெரிய காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இணைய வேகம். மாதாமாதம் கூடுதல் வெள்ளி கொடுத்து வேகத்தை ஏற்றினாலும் இந்தப் பழுது தீராது. காணொளி முழுவதாக ஒரே மூச்சில் வருவதில்லை. சில நொடிகள் நீளமுள்ள சிறு துண்டுகளாக வருகிறது. இணையம் மெதுவாக இருந்தால் அடுத்த துண்டு வரத் தாமதமாகும். அப்போது படம் மங்கும், அல்லது வட்டம் சுழலும். உலாவி பொறுமையாகக் காத்திருக்கும், செத்து விழாது. சந்தேகம் இருந்தால் அதே வைஃபையில், அதே தொடரை, அம்மாவின் கைப்பேசியில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அங்கே தடங்கல் இல்லையென்றால் இணையமும் தொடரை வழங்கும் நிறுவனத்தின் தளமும் நல்லபடி இருக்கின்றன, கோளாறு மடிக்கணினிக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "உலாவி விழுகிறது" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், ஆனால் அது விழும் விதங்கள் வேறு வேறு. எப்படி விழுகிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

குரோம் 2008இல் வந்தபோதே ஓர் உலாவியைப் பல தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து வைத்தார்கள். ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் திறந்து வைத்திருக்கும் தாவல்கள் அப்படிப்பட்ட வீடுகள். திரையில் படம் வரைவதற்கென்று உள்ள ஜிபியு செயல்முறை, எல்லா வீடுகளுக்கும் பொதுவான மின்தூக்கி. உலாவியின் தலைமைச் செயல்முறை, கட்டடத்தின் அடித்தளம்.

வாடிய முகம் வந்து, மற்றத் தாவல்கள் நல்லபடி இருந்தால் ஒரு வீடு மட்டும் விழுந்திருக்கிறது. பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறை, இல்லையென்றால் உலாவியில் சேர்த்துக்கொண்ட ஏதோ ஒரு நீட்டிப்பு. திரை ஒரு நொடி கறுத்து, படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ உடைந்து மீண்டால் மின்தூக்கிப் பழுது. அதாவது வரைகலைச் சில்லு அல்லது அதை இயக்கும் மென்பொருளான டிரைவர். சன்னல் மொத்தமும் சொல்லாமல் மறைந்தால் அடித்தளம். பாதுகாப்பு மென்பொருளின் குறுக்கீடு, கெட்டுப்போன பயனர் கணக்குக் கோப்புகள், கடுமையான நினைவகப் பஞ்சம் ஆகியவற்றை அங்கே தேட வேண்டும். கணினியே அணைந்துவிட்டால் அது உலாவியின் கதையே அல்ல. சூடு, மின்கலம், அல்லது பழுதான நினைவகத் தகடு.

உங்கள் அம்மாவின் கணினி பெரும்பாலும் முதல் வகையில் விழுகிறது, எப்போதாவது மூன்றாம் வகையில். அதோடு உடனே விழாமல் இருபது நிமிடம் கழித்து விழுகிறது. இந்தக் கால அளவு பெரிய துப்பு. டிரைவரோ, படத்தைப் பிரித்துக் காட்டும் கோடெக்கோ ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மெல்ல மெல்ல ஏதோ நிரம்பி வழிவதால்தான் இருபது நிமிடம் ஆகிறது. நிரம்புவது நினைவகமாக இருக்கலாம், சூடாகவும் இருக்கலாம். நான் நினைவகத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

அந்தச் சாம்பல்நிறப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு பிழைக் குறியீடு இருக்கும். அடுத்த முறை வரும்போது அம்மாவை அதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருந்தால் வழக்கு அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

4 ஜிபி நினைவகத்தில் விண்டோஸே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் உலாவி, வாட்ஸ்அப், பாதுகாப்பு மென்பொருள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் 4 ஜிபி கணினியில் மணிக்கணக்கில் படம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது எப்படி என்றால், இடம் போதாதபோது விண்டோஸ் வன்தட்டின் ஒரு பகுதியைத் துணை நினைவகமாகப் பயன்படுத்துகிறது. வேகம் குறையும், ஆனால் ஓடும். வன்தட்டிலும் இடம் இல்லாமல் போனால்தான் வினை. அப்போது உலாவி கேட்கும் நினைவகத்தை விண்டோஸால் தர முடிவதில்லை, தாவல் விழுந்துவிடுகிறது. வன்தட்டில் இடம் தீர்ந்ததால் படம் நிற்கிறது என்று யாருக்கும் சட்டென்று தோன்றாது. எனக்கே தோன்றவில்லை.

உட்லண்ட்ஸில் என் அப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய சிறிய மடிக்கணினியில் இரவுச் செய்தி பார்க்கும்போதெல்லாம் இதே வாடிய முகம். நீட்டிப்புகளை நீக்கினேன், டிரைவரைப் புதுப்பித்தேன், குரோமை அழித்து மீண்டும் நிறுவினேன். மூன்று வார இறுதிகள் போயின. கடைசியில் தற்செயலாக 'சி' வட்டைப் பார்த்தால் 64 ஜிபியில் 600 எம்பிதான் மிச்சம். பேரப்பிள்ளைகளின் படங்களைக் கைப்பேசியிலிருந்து வாரந்தோறும் நகலெடுத்து வைத்திருக்கிறார். அதன் மேல் விண்டோஸின் பழைய புதுப்பிப்புக் கோப்புகள். படங்களை ஒரு வெளிப்புற வட்டுக்கு மாற்றி, தற்காலிகக் கோப்புகளைத் துடைத்து 15 ஜிபி காலி செய்தேன். அன்றிலிருந்து அந்த முகம் வரவில்லை. அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "சி வட்டில் எவ்வளவு காலி?" குறைந்தது 10 ஜிபியாவது இருக்கட்டும். விண்டோஸ் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ்' பகுதியில் தற்காலிகக் கோப்புகளை நீக்கும் வசதி இருக்கிறது. அங்கே 'டவுன்லோட்ஸ்' என்பதைத் தேர்வு செய்துவிடாதீர்கள், அம்மா சேமித்து வைத்த கோப்புகளும் சேர்ந்து போய்விடும்.

இடம் நிறைய இருக்கிறதென்றால் நினைவகத்தை நேரில் பார்த்துவிடலாம். குரோமில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷிஃப்ட் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். உலாவியின் சொந்தப் பணி நிர்வாகி திறக்கும். ஒவ்வொரு தாவலும், ஒவ்வொரு நீட்டிப்பும், ஜிபியு செயல்முறையும் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். தொடரின் தாவலுக்கு எதிரே உள்ள எண்ணை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கி இருந்தால் இயல்பு. ஏறிக்கொண்டே போய் இறங்கவே இல்லையென்றால் அந்தப் பக்கமோ அதற்குள் நுழையும் நீட்டிப்போ நினைவகத்தைக் கசியவிடுகிறது. காலையில் திறந்த தாவலை இரவுவரை மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு இது அதிகம் நேரும். ஒரு பகுதி முடிந்ததும் தாவலை மூடிவிட்டு அடுத்ததைப் புதிதாகத் திறப்பது எளிய நிவாரணம். குரோம் அமைப்புகளில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் உள்ள நினைவகச் சேமிப்பானையும் இயக்கிவிடுங்கள். பயன்படுத்தாத தாவல்களை அது உறங்கவைத்துவிடும்.

நீட்டிப்புகளைச் சோதிக்க ஒவ்வொன்றாக நீக்க வேண்டியதில்லை. மறைநிலை ('இன்காக்னிட்டோ') சன்னலில் நீட்டிப்புகள், நாம் தனியாக அனுமதித்தால் ஒழிய, இயங்குவதில்லை. அதே தொடரை மறைநிலைச் சன்னலில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் நீட்டிப்புதான். விளம்பரத் தடுப்பான் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காணொளியைத் தரவிறக்கித் தருவதாகச் சொல்லும் நீட்டிப்பு இருந்தால் கேள்வி கேட்காமல் நீக்கிவிடுங்கள். ஓடும் ஒவ்வொரு துண்டையும் அது வேவு பார்த்துக்கொண்டிருக்கும். விளம்பர இடைவேளை வரும் அதே நொடியில் படம் விழுகிறதா என்பதையும் அம்மாவிடம் கேளுங்கள். அப்படியானால் தடுப்பானும் தளமும் மல்லுக்கட்டுகின்றன என்று பொருள்.

பலரும் முதல் வைத்தியமாகச் சொல்வது, தளங்களைப் பற்றி உலாவி சேமித்து வைத்திருக்கும் கேஷையும் குக்கியையும் அழிப்பது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பக்கம் தவறாகத் தோன்றினாலோ, உள்நுழைவில் சிக்கல் இருந்தாலோ அது உதவும். இருபதாவது நிமிடத்தில் விழும் தாவலை அது தூக்கி நிறுத்துவது அபூர்வம். ஆனால் குக்கிகளை அழித்தால் அம்மா எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவார், கடவுச்சொற்களைத் தேடி அலைவார். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வன்பொருள் முடுக்கம். படத்தை விரித்துக் காட்டும் கணக்கு வேலையை முதன்மைச் செயலி செய்யாமல் வரைகலைச் சில்லிடம் ஒப்படைப்பதுதான் அது. குரோம் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதியில் அதற்கான பொத்தான் இருக்கிறது. அணைத்துவிட்டு உலாவியை மீண்டும் தொடங்கிப் பாருங்கள். அணைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது வலி மாத்திரை போன்றது. நோயின் பெயரைத்தான் அது சொல்லியிருக்கிறது. நோய் வரைகலை டிரைவரில் இருக்கிறது. முடுக்கம் இல்லாமல் ஒரு பழைய செயலி முழு எச்டி படத்தைத் தனியாகச் சுமந்தால் விசிறி இரையும், கணினி கொதிக்கும். டிரைவரை மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட் வழியாகவோ புதுப்பித்துவிட்டு முடுக்கத்தைத் திரும்ப இயக்குங்கள். பழுது ஒரு டிரைவர் புதுப்பிப்புக்குப் பிறகே தொடங்கியிருந்தால், 'டிவைஸ் மேனேஜர்' வழியாகப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம்.

வரைகலைச் சில்லு இரண்டு நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரைத் தானே மீட்டமைத்துவிடும். திரை கறுத்து மீள்வது அப்போதுதான். 'ஈவென்ட் வியூவர்' பதிவேட்டில் 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 என்ற எண் இருந்தால் அது நடந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் படிக்கச் சிரமம் என்றால், விண்டோஸின் 'ரிலையபிலிட்டி' வரலாற்றைத் திறந்து பாருங்கள். நாள்வாரியாக எது விழுந்தது, அன்று என்ன நிறுவப்பட்டது என்று நாட்காட்டிபோல் காட்டும். முதல் சிவப்புக் குறி விழுந்த தேதிக்கு முந்தின நாள் கணினியில் என்ன மாறியது என்று பார்த்தாலே பல சமயம் விடை கிடைத்துவிடும். இவ்வளவு பயனுள்ள ஒன்றைப் பெரும்பாலோர் திறந்தே பார்ப்பதில்லை என்பது எனக்கு மனக்குறை.

கோடெக் பற்றிச் சுருக்கமாக. காணொளிகள் எச்.264, விபி9, ஏவி1 என வெவ்வேறு முறைகளில் சுருக்கப்பட்டு வருகின்றன. எச்.264 2003இலிருந்து இருப்பது. அம்மாவின் கணினியில் உள்ள சில்லுக்கு அது பழகிய வேலை. ஏவி1 2018இல் வந்தது. இன்டெல் மடிக்கணினிகளில் அதை வன்பொருளிலேயே விரிக்கும் திறன் 2020இல் வந்த 11ஆம் தலைமுறையிலிருந்துதான் உண்டு. ஆகவே 2017இன் கணினிக்கு ஏவி1 காணொளி வந்தால் முழுச் சுமையும் செயலியின் தலையில் விழும். யூடியூபில் படத்தின்மேல் வலச் சொடுக்கி 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தால் எந்தக் கோடெக் ஓடுகிறது என்று தெரியும். கணினி திணறினால் தரத்தை 720க்கோ 480க்கோ இறக்குங்கள். பதினான்கு அங்குலத் திரையில் தொடர் பார்ப்பவருக்கு 480 போதும்.

வேறு உலாவியில் சோதிப்பது நல்ல யோசனை, ஆனால் எட்ஜில் சோதித்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2020 ஜனவரியிலிருந்து எட்ஜும் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மீதே கட்டப்பட்டிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைப்புதான் உண்மையில் வேறு. ஃபயர்ஃபாக்ஸ் விழாமல் ஓடினால் குரோமின் பயனர் கோப்புகளிலோ நீட்டிப்புகளிலோ கோளாறு. அதுவும் விழுந்தால் கணினியின் நினைவகம், டிரைவர், சூடு ஆகியவற்றில் கோளாறு. கட்டணச் சேவைகளின் தொடர்களை ஃபயர்ஃபாக்ஸில் முதல்முறை திறக்கும்போது, பாதுகாக்கப்பட்ட உள்ளடக்கத்தை இயக்க அனுமதி கேட்கலாம். கொடுத்துவிடுங்கள், வைட்வைன் என்ற பூட்டுத் திறப்பான் இல்லாமல் அந்தப் படங்கள் ஓடாது.

சன்னல் மொத்தமாக மறைகிறது என்றீர்களே, அதற்குப் பாதுகாப்பு மென்பொருளையும் பார்க்க வேண்டும். கணினியோடு இலவசச் சோதனையாக வந்து காலாவதியான ஒன்று இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கலாம். இரண்டு காவல்காரர்கள் ஒரே கதவில் நின்று முட்டிக்கொள்வது போல, அது விண்டோஸின் சொந்தப் பாதுகாப்போடு மோதும். காலாவதியானதை நீக்குங்கள், விண்டோஸ் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும்.

சூட்டைப் பற்றியும் ஒன்று. நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகலில் 31, 32 பாகை, ஈரப்பதமும் அதிகம். தூசியும் ஈரமும் சேர்ந்து விசிறியில் பஞ்சுபோல் அடைந்துவிடும். மெத்தைமேல் மடிக்கணினியை வைத்துப் பார்த்தால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். ஒரு மரப்பலகையோ கனமான தட்டோ அடியில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இதற்கிடையில் ஒரு கடுமையான எச்சரிக்கை. இந்தப் பழுதுக்குத் தீர்வு தேடும் பெரியவர்களைக் குறிவைத்து மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். "உங்கள் கணினி பாதிக்கப்பட்டுள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையை நிரப்பும் அறிவிப்பு எதுவாக இருந்தாலும் பொய். "ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பியுங்கள்" என்பதும் பொய். ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31இல் ஆதரவு முடிந்துவிட்டது, இன்றைய காணொளிகளுக்கு அது தேவையே இல்லை. முன்பின் தெரியாதவர் சொன்னார் என்று தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை அம்மா நிறுவிவிடக் கூடாது. சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) விவரமோ வங்கி விவரமோ யாருக்கும் சொல்லக் கூடாது. சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைக்கலாம். இதை நீங்கள் நேரில் சொல்லுங்கள். படம் நின்றுபோன பதற்றத்தில் இருப்பவர் திரையில் தெரியும் எதையும் நம்பிவிடுவார்.

கடைக்காரர் சொன்ன புதுக் கணினிக்கு வருகிறேன். அவர் சொன்னது முழுப் பொய் அல்ல, ஆனால் சொன்ன காரணம் தவறு. உலாவி விழுகிறது என்பதற்காக வாங்க வேண்டியதில்லை. சில மாடல்களில் நினைவகத் தகட்டை மாற்றி 8 ஜிபி ஆக்க முடியும், சிலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுப் பொருள் கடைத்தொகுதியில் இரண்டு மூன்று கடைகளில் மாடல் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். ஒரே கடையில் முடிவு செய்யாதீர்கள். மாற்ற முடியுமானால் அது புதுக் கணினியைவிட மிக மலிவான வழி. ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். அம்மாவின் கணினி அதற்கு முந்தியதாக இருந்தால், பாதுகாப்பை முன்னிட்டு மாற்றத்தைத் திட்டமிடத்தான் வேண்டும். தொடர் பார்ப்பது மட்டுமே தேவை என்றால் ஒரு நல்ல கைக்கணினியே போதும்.

உங்களால் அடிக்கடி ஈசூனுக்குப் போக முடியாது என்று எழுதியிருந்தீர்கள். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் முதியோருக்குக் கைப்பேசி, இணையப் பயன்பாட்டில் இலவசமாக வழிகாட்டும் மின்னிலக்கத் தூதர்கள் இருக்கிறார்கள். கணினியைப் பிரித்துப் பழுது பார்க்க மாட்டார்கள், ஆனால் அன்றாட ஐயங்களுக்கு அம்மா நேரில் போய்க் கேட்கலாம்.

நீங்கள் அடுத்த முறை போகும்போது முதலில் வட்டின் காலி இடம், பிறகு மறைநிலைச் சன்னல், பிறகு முடுக்கம் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒன்றை மாற்றினால் ஓர் இரவாவது ஓடவிட்டுப் பாருங்கள். நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, பழுது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதுவரை அம்மா தொடரைத் தவறவிடாமல் இருக்க, ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்: வாடிய முகம் வந்தால் எஃப்5 விசையை ஒரு முறை அழுத்தவும், சன்னலே மறைந்தால் குரோமைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தவும், பார்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்ப வரும்.